கோடைக்கு முன் விசைப்படகைத் தயார் செய்தல்: அறிகுறியிலிருந்து பழுதுக்கு

பங்குனியில் பண்ணாரி குண்டம் முடிவதற்கும் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விடுவதற்கும் இடையில் கிடைக்கும் சில வாரங்கள்தாம், கொங்கு நாட்டு நீர்நிலைகளில் விசைப்படகு வைத்திருப்பவர்களுக்குப் பழுது பார்க்கும் காலம். மாதக்கணக்கில் தார்ப்பாய்க்குள் கிடந்த படகை வெளியே இழுத்து எஞ்சினை முடுக்கும் முதல் நாளில் எழக்கூடிய சிக்கல்களை, அவை கண்ணுக்கும் காதுக்கும் தெரியும் விதத்தை வைத்து வரிசைப்படுத்தி இங்கே எழுதியிருக்கிறேன். பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு பெட்ரோல் எஞ்சின்களை, அதிலும் 8 முதல் 40 குதிரைத்திறன் வரை உள்ளவற்றை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். படகுக்குள் பொருத்திய டீசல் எஞ்சின்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

ஓடித் தேய்ந்த எஞ்சின் ஒரு விதமாகப் பழுதாகும். ஓடாமல் கிடந்த எஞ்சின் வேறு விதமாகப் பழுதாகும். கிடந்த எஞ்சினில் இரும்பும் அலுமினியமும் அவ்வளவாகக் கெடுவதில்லை. கெடுபவை பெட்ரோல், ரப்பர், பேட்டரி ஆகிய மூன்றும்தான். பருவத் தொடக்கத்தில் என்னிடம் வரும் எஞ்சின்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றால் நின்றவையே என்பதால், பிஸ்டனையும் கிராங்கையும் பற்றிக் கவலைப்படும் முன் இவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு முடுக்கிப் பாருங்கள். பிளக்கையும் மாற்றி, கார்புரேட்டரையும் கழுவி, பெட்ரோலையும் புதிதாக ஊற்றிய பிறகு எஞ்சின் ஓடினால், எது பழுதாக இருந்தது என்பது கடைசி வரை தெரியாது. அடுத்த ஆண்டும் மூன்றையும் செய்துகொண்டிருப்பீர்கள்.

சோதனைக்கு 200 லிட்டர் டிரம் ஒன்றின் மேற்பாகத்தை வெட்டி எடுத்து, எஞ்சினை உறுதியான மரச்சட்டத்தில் மாட்டி, அதன் கீழ்ப்பகுதியை டிரம்முக்குள் இறக்கிவிட வேண்டும். நீர் உறிஞ்சும் துளைகளும், புரொப்பெல்லருக்கு மேலே கிடைமட்டமாக இருக்கும் தகடும் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். டிரம்மில் வைத்துக் கியர் போடுவதாக இருந்தால் புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். கழற்றாமல் போட்டால் டிரம்மும் கவிழும், கையும் போகும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட்டக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையில்லை.

சாவி திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றவே இல்லை

முதலில் கியர் நெம்புகோல் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான எஞ்சின்களில் கியர் விழுந்திருந்தால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரமே போகாது. கயிறு இழுத்து முடுக்கும் எஞ்சின்களிலும் கயிறு பூட்டிக்கொள்ளும். அடுத்தது கில் ஸ்விட்ச்: படகோட்டியின் மணிக்கட்டில் மாட்டும் சுருள்கயிற்றின் கிளிப் அதன் இடத்தில் இல்லாவிட்டால் சில எஞ்சின்கள் சுற்றவே சுற்றாது, மற்றவை சுற்றிக்கொண்டே இருக்கும், பற்றாது. இவை இரண்டையும் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. பார்க்காமல் விட்டவர்கள் அரை நாளை இழந்திருக்கிறார்கள்.

இவை சரியாக இருந்தால் பேட்டரிக்கு வரலாம். சில மணி நேரம் ஓய்வில் இருந்த ஈய-அமில பேட்டரியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் அல்லது அதற்குமேல் காட்டினால் அது நிறைந்திருக்கிறது, 12.4 என்றால் முக்கால் பங்கு; 12.0 என்றால் கால் பங்குதான். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அளவு 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், சார்ஜ் ஏற்றிய பிறகும் அந்த பேட்டரியை நம்ப முடியாது. மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடுவதே இதற்குக் காரணம். தகடு வெளியே தெரியும் அளவுக்கு நீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் பேட்டரிக்கு ஆகாது. போர்வெல் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்து நின்றால், பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளையும் பச்சையுமான படிவைச் சமையல் சோடா கலந்த வெந்நீரில் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, இறுக்கி மாட்டிப் பாருங்கள். அதன் பிறகும் அமைதியாக இருந்தால் ஃபியூஸ், பிறகு எலி கடித்த ஒயர். தோட்டத்துச் சாளையில் நிறுத்தி வைத்த படகுகளில் எலி கடித்த ஒயர் அரிதான செய்தியன்று.

கயிறு இழுக்கும் எஞ்சினில் கயிறு அசையவே மறுத்தால் பலம் காட்டக் கூடாது. பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவைத்து, ஃபிளைவீலைக் கையால் மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். பிளக் இல்லாத நிலையிலும் சுற்றவில்லை என்றால் அது ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டிய எஞ்சின்.

நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை

பெட்ரோலிலிருந்து தொடங்குங்கள். நம் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல். 2023-இல் தொடங்கிய அந்தக் கலவை 2025-இல் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பாதி நிரம்பிய டேங்கில், மூடியின் காற்றுத் திருகு வழியாக இரவும் பகலும் காற்று போய் வந்துகொண்டிருந்தால் ஈரம் சேரும். ஓர் அளவைத் தாண்டியதும் நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தனி அடுக்காகத் தங்கிவிடும். உறிஞ்சு குழாயின் வாய் இருப்பதோ அதே அடியில்தான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் இது இன்னும் கேடு, ஏனென்றால் கலந்து வைத்த ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிட, கீழே உள்ள ஆயிலில்லாத கலவை எஞ்சினுக்குள் போகும். எஞ்சின் ஒருவேளை பற்றி ஓடிவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். பற்றாமல் இருப்பதே அப்போது நல்லது.

பழைய பெட்ரோலில் கொஞ்சத்தை டேங்கின் அடியிலிருந்து எடுத்து, நிறமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிக் கால் மணி நேரம் அசையாமல் வைத்தால் உண்மை தெரிந்துவிடும். அடியில் ஒரு கோடு பிரிந்து நின்றாலோ, திரவம் கலங்கலாக இருந்தாலோ, வார்னிஷ் போல் புளித்த வாடை அடித்தாலோ, அந்தப் பெட்ரோலில் புதியதைக் கலந்து சமாளிக்க நினைக்க வேண்டாம். பிரிந்ததை மீண்டும் சேர்க்க முடியாது. டேங்கைக் காலி செய்து, உள்ளே துடைத்து, வடிகட்டியை மாற்றிவிட்டுப் புதிய பெட்ரோல் ஊற்றுங்கள். வடித்த பெட்ரோலை அணைக்கரையிலோ சாக்கடையிலோ கொட்டக் கூடாது. மூடிய கேனில் வைத்து, கழிவு ஆயில் எடுக்க வருபவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். என்னுடைய வழக்கம், இரண்டு வாரத்துக்குத் தேவையானதற்கு மேல் பெட்ரோல் வாங்கி வைப்பதில்லை என்பதுதான்.

டூ ஸ்ட்ரோக் கலவையை 50-க்கு 1 என்று உங்கள் எஞ்சின் கையேடு சொன்னால், 10 லிட்டருக்கு 200 மில்லி ஆயில் என்று அளந்தே ஊற்ற வேண்டும். அந்த ஆயில் டி.சி.-டபிள்யூ 3 என்று டப்பாவில் அச்சிட்டதாக இருக்க வேண்டும். பழைய ஸ்கூட்டருக்கு ஊற்றிய 2டி ஆயில் மீதம் இருக்கிறதே என்று ஊற்றுபவர்கள் உண்டு. காற்றால் குளிரும் எஞ்சினுக்கான அந்த ஆயில் எரியும்போது சாம்பல் விடும். நீரால் குளிர்ந்து தாழ்ந்த சூட்டில் ஓடும் படகு எஞ்சினில் அந்தச் சாம்பல் பிளக்கிலும் பிஸ்டன் வளையத்திலும் படிந்துவிடும்.

புதிய பெட்ரோலுக்குப் பிறகு, பெட்ரோல் குழாயின் இடையில் உள்ள ரப்பர் கைப்பம்ப்பை அழுத்துங்கள். அதன் மேல் உள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். எட்டுப் பத்து முறை அழுத்தியதும் அது கல்போல் இறுகினால் பெட்ரோல் எஞ்சின் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. எவ்வளவு அழுத்தினாலும் தளர்ந்தே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. குழாய் இணைப்பின் ரப்பர் வளையமோ பம்ப்பின் உள்வால்வோ காய்ந்து போயிருக்கும். பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் உப்பவைத்து உட்புறத்தை உரித்துவிடுவதும் உண்டு. வளைத்துப் பார்த்தால் வெடிப்புத் தெரியும் குழாயை இன்னொரு பருவத்துக்கு ஓட்ட நினைப்பது வீண் சிக்கனம்.

பெட்ரோல் வருகிறது, இன்னும் பற்றவில்லை என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். ஈரமாக, பெட்ரோல் வாடையோடு இருந்தால் பெட்ரோல் வந்தும் தீப்பொறி இல்லை என்று பொருள். முற்றிலும் உலர்ந்திருந்தால் நீங்கள் பெட்ரோல் பக்கமே திரும்ப வேண்டும். தீப்பொறியைச் சோதிக்கும்போது பிளக்கின் உலோகப் பகுதி எஞ்சின் உடலை நன்றாகத் தொட்டிருக்க வேண்டும். பிளக் துளையிலிருந்து தள்ளியும், சிந்திய பெட்ரோல் காய்ந்த பிறகும் செய்ய வேண்டும். நீலப் பொறி பளிச்சென்று வந்தால் போதுமானது. பிளக் இடைவெளியைக் கையேட்டில் உள்ள அளவுக்கு ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்யலாம். ஆனால் பருவத்துக்கு ஒரு முறை புதிய பிளக் போடுவதற்கு ஆகும் செலவு, நட்டாற்றில் நிற்கும் செலவை விடக் குறைவு.

பற்றி ஓடுகிறது, ஐந்து பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது

சில ஆண்டுகளுக்கு முன் இந்த ஓர் அறிகுறிக்காக நான் ஒரு முழுக் காலைப் பொழுதைப் பறிகொடுத்தேன். எஞ்சின் அழகாகப் பற்றும், கரையிலிருந்து நூறடி போகும், திணறி நிற்கும். கால் மணி நேரம் விட்டு முடுக்கினால் மறுபடியும் ஓடும். பிளக்கை மாற்றினேன், வடிகட்டியை மாற்றினேன், கரையிலேயே துணியை விரித்துக் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். பக்கத்தில் பரிசலைக் கவிழ்த்துத் தார் பூசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஏனுங்க தம்பி, அந்த டேங்க் மூடியில காத்துப் போறதுக்கு வழி இருக்குதுங்களா?” என்று கேட்டார். மூடியின் காற்றுத் திருகை ஓராண்டுக்கு முன் வேனில் ஏற்றும்போது நானேதான் இறுக்கியிருந்தேன். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று புகாததால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, எஞ்சினால் உறிஞ்ச முடியாமல் போயிருக்கிறது. நின்ற பிறகு மெல்லக் காற்றுக் கசிந்து புகுந்ததால் மறுபடியும் ஓடியிருக்கிறது.

எனவே இந்த அறிகுறிக்கு முதல் மருந்து, மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்ப்பது. நிற்கும் தறுவாயில் ரப்பர் கைப்பம்ப் உள்ளே ஒடுங்கிச் சப்பையாகத் தெரிந்தால் டேங்கிலிருந்து பம்ப் வரை அடைப்பு என்று உறுதி. பம்ப் சரியாக இருந்து, நிற்கும் நேரத்தில் அதை அழுத்திக் கொடுத்தால் எஞ்சின் பிழைத்துக்கொள்கிறது என்றால், எஞ்சினின் பெட்ரோல் பம்ப்பிலுள்ள மெல்லிய ரப்பர் படலம் விறைத்துப் போயிருக்கிறது.

சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது

கார்புரேட்டரின் ஐட்லிங் ஜெட்டில் பிசின் அடைத்திருப்பதன் தெளிவான அடையாளம் இது. கார்புரேட்டரில் மிச்சமிருந்த பெட்ரோல் ஆவியாகிப் போக, அதன் பிசின் மட்டும் தலைமுடி அளவுத் துளையில் தங்கிவிடுகிறது. கார்புரேட்டர் ஸ்பிரே அடித்து, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, அழுத்தக் காற்றால் ஊத வேண்டும். இரும்புக் கம்பியைத் துளைக்குள் நுழைக்கக் கூடாது. நுழைத்தால் பித்தளைத் துளை பெரிதாகிவிடும், அதன் பிறகு அந்த ஜெட் எந்த அளவுக்கும் சரிப்படாது. பருவம் முடிந்து படகை ஏற்றும் நாளில் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு எஞ்சினைத் தானாக நிற்கும் வரை ஓட்டியிருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

சோதனைத் துளையில் தண்ணீர் வரவில்லை

இதுவரை சொன்னவை எல்லாம் எஞ்சின் ஓடாமல் போகும் பழுதுகள். இது, ஓடிக்கொண்டே எஞ்சின் சாகும் பழுது. முடுக்கிய சில விநாடிகளில் எஞ்சினின் பின்பக்கத்துச் சிறு துளையிலிருந்து தண்ணீர் கம்பிபோல் பீய்ச்ச வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். தண்ணீர் வற்றிய போர்வெல்லில் ஓடும் சப்மெர்சிபிள் மோட்டார் என்ன ஆகும் என்று கொங்கு நாட்டு விவசாயிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கும் அதே கதைதான், ஆனால் இன்னும் விரைவாக நடக்கும். கோவை பம்ப்புகளில் நாம் பார்த்துப் பழகிய, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் இரும்போ பித்தளையோ ஆனது. படகு எஞ்சினுக்குள் இருப்பதோ ஆறேழு ரப்பர் இதழ்கள் கொண்ட இம்பெல்லர். அந்த இதழ்களுக்குத் தண்ணீரே மசகு. உலர்ந்து சுற்றினால் சில விநாடிகளிலேயே இதழ்களின் நுனி கருகத் தொடங்கும். எஞ்சினைத் தரையில் வைத்து, “சும்மா ஒரு தடவை ஸ்டார்ட் ஆகிறதா பார்க்கலாம்” என்று முடுக்குவதால் ஒவ்வோர் ஆண்டும் இம்பெல்லர்கள் வீணாகின்றன.

துளையில் நீர் வராததாலேயே இம்பெல்லர் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். கொட்டகையில் கிடந்த எஞ்சினின் சோதனைத் துளையில் குளவி மண் அப்பிக் கூடு கட்டியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தடித்த தூண்டில் நரம்பை உள்ளே செலுத்திக் குத்திப் பாருங்கள். அது வழிவிட்டால் கீழே நீர் உறிஞ்சும் சல்லடையைப் பாருங்கள்: காய்ந்த பாசி, சேறு, பிளாஸ்டிக் துணுக்கு. கோவைக் குளங்களில் ஓடும் படகானால் ஆகாயத்தாமரை வேரும் சேர்ந்திருக்கும்.

இரண்டும் சுத்தமாக இருந்தால்தான் இம்பெல்லர். வழக்கமாக இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய பாகம் அது. கோடையில் நீர் குறைந்து, கரையோரச் சேற்றுநீரை உறிஞ்சி ஓடும் நம் பக்கத்துப் படகுகளுக்கு நான் ஆண்டுதோறும் மாற்றிவிடுகிறேன், ஏனென்றால் மணல் கலந்த நீர் ரப்பரையும் அதைச் சுற்றியுள்ள கிண்ணத்தையும் அரம்போல் அராவிவிடும். கியர் கம்பியின் இணைப்பை விடுவித்து, கீழ்ப்பகுதியின் போல்ட்டுகளைக் கழற்றி, அதை நேராகக் கீழே இழுத்தால் பம்ப் கிண்ணம் தெரியும். கிண்ணத்தைத் திறந்ததும், ஒரு பக்கமாக வளைந்தே நின்றுவிட்ட இதழ்கள், வெடிப்பு, பளபளப்பாகக் கருகிய நுனி இவற்றில் எது இருந்தாலும் மாற்ற வேண்டும். ஓர் இதழ் ஒடிந்து காணாமல் போயிருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் மூடக் கூடாது. அது மேலே போகும் குழாயிலோ, சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டின் வாயிலோ சிக்கியிருக்கும், புதிய இம்பெல்லர் போட்டும் எஞ்சின் சூடேறும். புதியதன் இதழ்களில் சோப்புத் தண்ணீர் தடவி, தண்டைக் கடிகாரச் சுற்றில் திருப்பிக்கொண்டே கிண்ணத்தை இறக்கினால் இதழ்கள் சுழலும் திசைக்கேற்ப மடங்கும். தண்டில் உள்ள சிறு சாவித் துண்டை மறந்துவிட வேண்டாம். அது இல்லாவிட்டால் தண்டு சுற்றும், இம்பெல்லர் நிற்கும். மேலே ஏற்றும்போது நீர்க்குழாய் கிண்ணத்தின் ரப்பர் வாயில் சரியாக உட்கார்ந்ததா என்று விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும்.

துளையில் நீர் நன்றாக வந்தும் சூட்டு அலாரம் அடித்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நூலில் கட்டி, பாத்திரத்து நீரில் தொங்கவிட்டுச் சூடேற்றலாம். கார் எஞ்சினுடையதைவிடக் குறைந்த சூட்டிலேயே, பலவற்றில் 50 முதல் 60 டிகிரி செல்சியஸுக்குள், அது திறக்கத் தொடங்கும். திறக்காததைத் தூக்கியெறிந்துவிட்டுத் தெர்மோஸ்டாட் இல்லாமலே ஓட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. எஞ்சின் அப்போது சரியான சூட்டுக்கே வராது. பிளக் கரி பிடிக்கும்.

கியர் ஆயில் மோர்போல் இருக்கிறது

கீழ்ப்பகுதியின் அடித்திருகைத் திறந்தால் முதலில் தண்ணீரோ, அதைத் தொடர்ந்து வெளுத்த ஆயிலோ வந்தால் சீல் போய்விட்டது. நம் அணைகளில் இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், அறுந்து மிதக்கும் நைலான் வலை. புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்த்தால் தண்டில் வலை நரம்பு இறுகச் சுற்றி, உருகி, ஆயில் சீலின் விளிம்பை அறுத்திருப்பது தெரியும். நரம்பை நீக்கி, சீலை மாற்றிய பிறகே ஆயில் ஊற்ற வேண்டும். ஊற்றும் முறையில் ஒரு நுணுக்கம் உண்டு: கீழ்த்துளை வழியாகவே ஏற்ற வேண்டும். மேல்துளையில் குமிழியில்லாமல் ஆயில் வழிந்ததும் முதலில் மேல்திருகை மூடி, அதன் பிறகு கீழே குழாயை எடுத்துவிட்டுச் சட்டென்று கீழ்த்திருகை மூட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும். திருகுகளின் வாஷர் இரண்டும் புதியதாக இருக்கட்டும். திருகின் காந்தத்தில் மை போன்ற கறுப்புப் பசை இருப்பது இயல்பு. கையில் தட்டுப்படும் உலோகச் சில்லு இருந்தால் கியர் பல் உடைந்திருக்கிறது.

எஞ்சின் இரைகிறது, படகு நகரவில்லை

புரொப்பெல்லரின் நடுவில் ரப்பர் புஷ் ஒன்று உண்டு. பாறையில் மோதினால் கியர் உடையாமல் காக்க அது வழுக்கிக் கொடுக்கும். பழசானால் மோதாமலே வழுக்கும். நடுக்குழலிலிருந்து வெளி உடல் வரை மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு ஒரு சுற்று ஓட்டி வந்தால், கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் புஷ் போய்விட்டது. சிறிய எஞ்சின்களில் புஷ்ஷுக்குப் பதிலாக ஒரு பித்தளை முளை இருக்கும், அது ஒடிந்திருக்கும். முளைக்குப் பதிலாக ஆணியை நறுக்கிப் போடக் கூடாது. அடுத்த மோதலில் ஆணி ஒடியாது, கியர்தான் ஒடியும்.

கோடு நேராகவே இருந்து, திருப்பங்களில் மட்டும் எஞ்சின் இரைந்தால், புரொப்பெல்லர் காற்றை உறிஞ்சுகிறது. கிடைமட்டத் தகடு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் கீழாகவோ வரும்படி எஞ்சினை இறக்கி மாட்ட வேண்டும்.

ஓடும்போது படகே நடுங்குவது வேறு செய்தி. அது வளைந்த இதழையோ வளைந்த தண்டையோ காட்டுகிறது. கோடையில் இந்தப் பழுது கூடுவதற்குக் காரணம் அணைகளின் அடியில் கிடக்கும் பழைய ஊர்கள்தாம். பவானிசாகரில் நீர் இறங்கும்போது டணாய்க்கன் கோட்டையின் கற்கள் மேலே தலைகாட்டும். மேட்டூரில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் தெரியத் தொடங்கும். அவை வெளியே தெரியும் நாளில் ஆபத்தில்லை. நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே மறைந்திருக்கும் நாளில்தான் புரொப்பெல்லர் போகிறது. ஆகவே கடந்த ஆண்டு ஓட்டிய தடத்தை நம்பாமல், அன்றைய நீர்மட்டம் எத்தனை அடி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

ஸ்டியரிங் இறுகிவிட்டது

கேபிளின் உட்கம்பி குழலுக்குள் கிரீஸ் காய்ந்து பிடித்துக்கொண்டிருக்கிறது. பழைய கிரீஸைத் துடைத்து, புதியதை அடித்து, இருபுறமும் முழுதாகத் திருப்பினால் பெரும்பாலும் விட்டுவிடும். உட்கம்பியில் துரு தெரிந்தால் கேபிளை மாற்ற வேண்டும்.

படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது

வெட்கப்பட வேண்டிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: பின்பலகையின் அடித்துளைக்கு அடைப்பான் மாட்டவில்லை. மழைநீர் வடிவதற்காகக் கழற்றிய அடைப்பான் வீட்டு அலமாரியில் இருக்கும், படகு அணையில் இருக்கும். நான் அதை எஞ்சின் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்து வைக்கிறேன்.

அடைப்பான் இருந்தும் நீர் வந்தால், படகைக் கரையேற்றி உள்ளே நீர் ஊற்றி வெளியே எங்கே கசிகிறது என்று பார்ப்பது எளிது. ஃபைபர் படகின் அடியில் கொப்புளம் தெரிந்தால் குத்திப் பார்க்க வேண்டும். புளித்த வாடையுடன் நீர் வந்தால் நார்களுக்கிடையே ஈரம் இறங்கியிருக்கிறது, நன்றாக உலர்த்திய பிறகே ரெசின் பூச வேண்டும். பின்பலகையை மரச்சுத்தியலால் தட்டினால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். ‘தொப்’ என்று கேட்டால் உள்ளே இருக்கும் பலகை உளுத்துவிட்டது. எஞ்சினின் எடை முழுவதையும் தாங்கும் பலகை அது என்பதால், அந்தப் படகை இந்தப் பருவத்தில் இறக்க வேண்டாம் என்றே சொல்வேன். வெளியே கசிவே இல்லாமல் படகு ஒரு பக்கம் தாழ்ந்து மிதந்தால், தரைப்பலகைக்கு அடியில் அடைத்த நுரைக்கட்டி நீரைக் குடித்திருக்கிறது. அத்தகைய படகில் ஆட்களை இடம் மாற்றி உட்காரவைத்துச் சமன் செய்வது தீர்வாகாது. தரைப்பலகையைத் திறந்து நுரையை மாற்றியே ஆக வேண்டும்.

எஞ்சினிலும் படகிலும் திருகியிருக்கும் அரிப்புத் தடுப்புக் கட்டியையும் இந்த நேரத்தில் பார்த்துவிடலாம். பாதி கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். கடற்கரைக் கடைகளில் கேட்டால் துத்தநாகக் கட்டியே கிடைக்கும். அது உப்புநீருக்கானது, நன்னீரில் மேலே படலம் கட்டி வேலை செய்யாமல் நின்றுவிடும். நமக்கு மெக்னீசியமோ அலுமினியமோ வேண்டும். அதன்மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது.

முதல் வெள்ளோட்டம்

டிரம்மில் அரை மணி நேரம் தடங்கலின்றி ஓடிய பிறகே படகை நீரில் இறக்க வேண்டும். உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021-இன்படி எஞ்சின் பூட்டிய படகுக்குப் பதிவும் ஆய்வும் தேவை என்பதால் அந்தத் தாள்களும், அணைக்குப் பொறுப்பான துறையின் அனுமதியும் நடப்பில் உள்ளனவா என்று முந்திய நாளே பார்த்துக்கொள்ளுங்கள். உயிர்காப்புச் சட்டைகளின் கொக்கியை ஒவ்வொன்றாகப் போட்டு இழுத்துப் பாருங்கள். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் கொக்கி கையோடு ஒடியும். தீயணைப்பானின் முள் பச்சையில் இருக்க வேண்டும்.

முதல் ஓட்டத்துக்குப் பயணிகள் யாரையும் ஏற்றாமல், துடுப்பு இரண்டும் நீண்ட கயிறு ஒன்றும் எடுத்துக்கொண்டு, அதிகாலையில் கிளம்ப வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வலுக்கும் நாள்களில், நின்றுபோன படகு எதிர்க்கரைக்கு ஒதுங்கிவிடும். முதல் பத்து நிமிடம் கரையோரமாக, கால் பங்கு வேகத்தில், கண்ணைச் சோதனைத் துளையிலேயே வைத்து ஓட்டுங்கள். பிறகு பாதி, பிறகு ஒரு நிமிடம் முழு வேகம். திரும்பியதும் எஞ்சினை உயர்த்தி, கியர்பெட்டியின் இரண்டு திருகுகளையும் விரலால் தடவிப் பாருங்கள். ஆயில் பிசுபிசுப்பு இருந்தால் வாஷர் சரியாக உட்காரவில்லை. கிளம்பும்போது உலர்ந்திருந்த அடித்தளத்தில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று ஒரு குவளையால் மொண்டு அளந்து, தேதியோடு குறித்து வையுங்கள். அடுத்த வாரம் அதே தூரம் ஓட்டிவிட்டு மறுபடியும் மொண்டு பார்க்கும்போது ஒப்பிட அந்தக் கணக்கு வேண்டும்.